டேலி ஆன கணக்கும் வற்றிப்போன கிணறும்

இந்தப் பதிவு ஒரு மென்பொருளின் வரலாறு. பெயர் மாட்ஃப்ளோ. நிலத்துக்கு அடியில் தண்ணீர் எப்படி நகர்கிறது, இங்கே பத்து போர் போட்டு இறைத்தால் பக்கத்து ஊர்க் கிணறு எவ்வளவு இறங்கும் என்று கணக்குப் போடுவது இதன் வேலை. "பி.காம். படித்துவிட்டு வங்கியில் கடன் கொடுக்கிறவருக்கு இங்கே என்ன வேலை?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான்.

ஜெய்ப்பூருக்கு மாற்றலாகி வந்த பிறகு விவசாயக் கடன் கோப்புகளில் நான் அதிகம் சந்தித்த சொல் "டார்க் ஜோன்". இங்கே பள்ளிக்கூடம் போகாத விவசாயிகூட அந்த ஆங்கிலச் சொல்லைத்தான் சொல்வார். நிலத்தடி நீரை எடுத்துத் தீர்த்துவிட்ட வட்டாரம் என்று பொருள். அந்த முத்திரைக்குப் பின்னால் வரவு, செலவு, இருப்பு என்று ஒரு தண்ணீர்க் கணக்கு இருக்கிறது. கணக்கு என்று வந்துவிட்டால் நமக்குக் கை அரிக்கும் அல்லவா? தோண்டிக்கொண்டே போனதில் மாட்ஃப்ளோவில் போய் நின்றேன். (தோண்டியது புத்தகங்களை மட்டும், போர்வெல் இல்லை :-))

கணக்கில் ஒரு பிழை வந்தால் அதை எங்கே தேடுவது, யாரைக் கேட்பது என்பது எங்கள் தொழிலில் தினசரிப் பிரச்சினை. நிலத்தடி நீர்க் கணக்கு போட்டவர்களும் நூற்றைம்பது வருடமாக இதே பிரச்சினையோடுதான் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். அவர்கள் கண்டுபிடித்த வழியில் நம் இருப்பாய்வு (அதாங்க, டிரையல் பேலன்ஸ்) அப்படியே இருக்கிறது. அதன் பலமும் இருக்கிறது, அதன் ஓட்டையும் இருக்கிறது.

மணலும் வெப்பமும்

கதை 1856-இல் தொடங்குகிறது. பிரான்ஸில் திஜோன் என்ற நகரம். அந்த ஊருக்குக் குடிநீர் கொண்டுவந்த பொறியாளர் ஆன்றி டார்சி, அந்த வேலையைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதினார். அதன் பின்னிணைப்பில் ஒரு சோதனை. குழாயில் மணலை நிரப்பி, தண்ணீரை விட்டு, எவ்வளவு வெளியே வருகிறது என்று அளந்தார். இரண்டு முனைகளுக்கும் இடையே நீர்மட்ட வித்தியாசம் கூடினால் ஓட்டம் கூடும். மணலின் நீளம் கூடினால் ஓட்டம் குறையும். அவ்வளவுதான் டார்சியின் விதி. இன்றைக்கும் நிலத்தடி நீர் மென்பொருள்களுக்கு அஸ்திவாரம் இதுவே.

ஆனால் டார்சியின் விதியில் காலம் கிடையாது. பம்பை இன்று போட்டால் அடுத்த வாரம் எவ்வளவு இறங்கும், அடுத்த வருடம் எவ்வளவு இறங்கும் என்று அதில் கேட்க முடியாது. எண்பது வருடம் கழித்து, அமெரிக்க நிலவியல் அளவைத் துறையில் வேலை பார்த்த சார்லஸ் வெர்னன் தைஸ் இந்த இடத்தில் வந்து முட்டிக்கொண்டார். அவருக்கு ஒன்று மட்டும் புரிந்தது: மண்ணுக்குள் தண்ணீர் நகர்வதும் உலோகத் தகட்டில் வெப்பம் பரவுவதும் ஒரே மாதிரி. வெப்பத்துக்குக் கணித மேதைகள் ஏற்கெனவே விடை கண்டிருக்கிறார்கள். ஆனால் அந்தக் கணிதம் தைஸுக்குக் கைவரவில்லை.

அவர் செய்தது மிக எளிய காரியம். சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் கணிதம் நடத்திக்கொண்டிருந்த தன் நண்பர் லூபினைக் கேட்டார். கேட்கும்போது தண்ணீர், கிணறு என்று அவரைக் குழப்பாமல் வெப்பத்தின் மொழியிலேயே கேள்வியை வைத்தார். விடை வந்தது. 1935-இல் தைஸின் கட்டுரை வெளியானபோது ஆசிரியர் பெயர் தைஸ் மட்டும்தான். லூபின் செய்து கொடுத்த உதவி கட்டுரைக்குள்ளேயே குறிப்பிடப்பட்டிருக்கிறது. இன்றும் ஒரு கிணற்றை இறைத்துச் சோதிக்கும் ஆட்கள் பயன்படுத்துவது தைஸின் சமன்பாட்டைத்தான். எந்த இடத்தில் மாட்டிக்கொண்டோம் என்று சரியாகத் தெரிந்துகொண்டு, உதவப்போகிறவருக்குப் புரிகிற மொழியில் கேட்டது பாருங்கள், அதில்தான் பாதி வேலை முடிந்துவிட்டது.

கம்பியில் ஓடிய தண்ணீர்

தைஸின் சமன்பாடு ஒரு கிணற்றுக்குச் சரி. ஒரு பள்ளத்தாக்கு முழுக்க ஆயிரக்கணக்கான கிணறுகள், நடுவில் ஓர் ஆறு, ஓரத்தில் மலை என்றால்? கையால் கணக்குப் போட முடியாது. கணினி இன்னும் எல்லோர் கைக்கும் வராத காலம். எனவே 1950களிலும் 60களிலும் மின்சாரத்தைக் கூப்பிட்டார்கள்.

மின்னழுத்த வித்தியாசத்தால் மின்சாரம் ஓடுவதும் நீர்மட்ட வித்தியாசத்தால் தண்ணீர் ஓடுவதும் ஒரே வகைக் கணக்கு. ஒரு பலகையில் கட்டம் கட்டமாக மின்தடைகளைப் பொருத்தினார்கள், அது மண். ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு மின்தேக்கி. அது மண்ணுக்குள் தேங்கியிருக்கும் நீர். கிணறு இருக்கும் இடத்தில் மின்சாரத்தை உறிஞ்சி, மற்ற இடங்களில் மின்னழுத்தம் எப்படிக் குறைகிறது என்று திரையில் பார்த்தார்கள். அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரத்தில் நிலவியல் அளவைத் துறை இதற்கென்றே ஓர் ஆய்வுக்கூடம் வைத்திருந்தது.

இந்தப் பலகையில் ஒரு வசதி உண்டு. கோளாறு என்றால் கண்ணுக்குத் தெரியும், கைக்கு அகப்படும். கம்பி விட்டுப்போயிருக்கிறதா, மின்தடை மாறிப்போயிருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கலாம். கணினி நிரல் வந்தபோது இந்த வசதி போய்விட்டது. பேரேட்டைப் புரட்டிப் பார்த்துப் பிழை பிடித்த காலம் போய், திரையில் ஓர் எண் மட்டும் நிற்கிற காலம் வந்ததே, அந்த மாதிரி.

யார் எழுதியதோ, அவரே கதி

1968-இல் பிண்டர், பிரெடஹோஃப்ட் இருவரும் கணினியை வைத்து நிலத்தடி நீரைக் கணக்கிடுவது எப்படி என்று கட்டுரை எழுதினார்கள். அடுத்த பத்து வருடத்தில் நிலவியல் அளவைத் துறைக்குள் மட்டும் பல நிரல்கள் முளைத்தன. ஒவ்வொரு புது ஊருக்கும் பழைய நிரலை எடுத்து வெட்டி ஒட்டி, புதிதாக ஒன்று செய்துகொள்வார்கள். எல்லாம் ஃபோர்ட்ரான் மொழி. ஆனால் ஒருவர் எழுதிய ஃபோர்ட்ரான் இன்னொருவர் இயந்திரத்தில் ஓடாது. எழுதியவர் மாற்றலாகிப் போய்விட்டால் அந்த நிரலை என்னவென்று கேட்க ஆள் கிடையாது.

வங்கிக்காரர்களுக்கு இது நன்றாகப் புரியும். பழைய மேலாளர் மட்டுமே அறிந்த ஒரு கணக்கு முறை இருக்கும். அவர் ஓய்வு பெற்றபின் அந்த அனாமத்துக் கணக்கை யாரும் தொட மாட்டார்கள்.

1981-இல் மைக்கேல் மெக்டொனால்ட், ஆர்லன் ஹார்பா என்ற இரண்டு பேர் இதற்கு ஒரு முடிவு கட்ட உட்கார்ந்தார்கள். அவர்கள் மனதில் இருந்த உவமை அந்தக்காலத்து ஸ்டீரியோ செட். உங்களில் பலர் வீட்டில் இருந்திருக்கும். ஆம்ப்ளிஃபயர் தனி, டேப் டெக் தனி, ஸ்பீக்கர் தனி. ஒன்று கெட்டால் அதை மட்டும் கழற்றி மாட்டலாம். அதேபோலக் கிணற்றுக்கு ஒரு பகுதி, ஆற்றுக்கு ஒரு பகுதி, மழையால் ஊறும் நீருக்கு ஒரு பகுதி, கணக்கைத் தீர்க்க ஒரு பகுதி என்று பிரித்து எழுதினார்கள். முதலில் மாட்ஃப்ளோ என்ற பெயரே கிடையாது. துறைக்குள் அதை மாடுலர் மாடல் என்று கூப்பிட்டார்கள். செல்லப்பெயர் சில வருடம் கழித்துத்தான் ஒட்டிக்கொண்டது. முதல் வடிவம் 1984-இல் புழக்கத்துக்கு வந்தது. 1988-இல் முழுக் கையேடு வெளிவந்தது. 586 பக்கம்!

அந்தக் கையேட்டைப் பற்றி ஒரு பாரா சொல்லியே ஆகவேண்டும். நிரலின் ஒவ்வொரு துண்டுக்கும் நான்கு விஷயங்கள் கொடுத்திருக்கிறார்கள்: அது என்ன செய்கிறது என்று சாதாரண நடையில் விளக்கம், செயல்வரைபடம், நிரலின் வரிகள் அப்படியே, அதில் வரும் ஒவ்வொரு மாறியின் பொருள். அதாவது, உதவி கேட்க வேண்டிய ஆளையே புத்தகத்துக்குள் உட்காரவைத்துவிட்டார்கள். அமெரிக்க அரசுத் துறை எழுதியது என்பதால் காப்புரிமைத் தொல்லை இல்லை. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், பிரிக்கலாம், திருத்தலாம். அதே வேலையைச் செய்த மென்பொருள்கள் எத்தனையோ வந்துபோயிருக்க, இது நிலைத்து நின்றதற்கு இந்தத் திறந்த கதவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

ஒவ்வொரு கட்டமும் ஒரு கணக்கு

இப்போது நம் பேட்டைக்குள் வருகிறோம்.

மாட்ஃப்ளோ நிலத்தைச் செவ்வகக் கட்டங்களாக வெட்டுகிறது. மேலிருந்து கீழே அடுக்கு, அடுக்குக்குள் வரிசை, வரிசைக்குள் கட்டம். ஒவ்வொரு கட்டத்துக்கும் வரவும் செலவும் உண்டு. இந்தக் கட்டத்தில் இருந்து வெளியேறும் நீர் பக்கத்துக் கட்டத்துக்கு வரவு. ஒரு பக்கம் பற்று எழுதினால் மறுபக்கம் வரவு எழுதியாக வேண்டும்! 1494-இல் வெனிஸில் லூக்கா பாச்சியோலி அச்சிட்டுக் கொடுத்த இரட்டைப் பதிவு முறை மண்ணுக்குள்ளும் செல்லுபடியாகிறது.

எல்லாக் கட்டங்களின் நீர்மட்டத்தையும் கணினி முதலில் உத்தேசமாக வைத்துக்கொண்டு சுற்றுச் சுற்றாகத் திருத்தும். இரண்டு சுற்றுகளுக்கு இடையே எந்தக் கட்டத்திலும் நாம் சொன்ன அளவுக்கு மேல் மாற்றம் இல்லை என்றால் நிறுத்திக்கொள்ளும். அப்படி நிற்காமல், கொடுத்த சுற்றுகள் எல்லாம் தீர்ந்துபோனால் "ஒருங்கவில்லை" என்று செய்தி வரும். இந்த மென்பொருளைத் தொட்டவர்கள் எல்லோரும் ஒருநாள் பார்த்துத் தலையில் கைவைத்த செய்தி அது.

மெக்டொனால்டும் ஹார்பாவும் இங்கேதான் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். விடை கண்டபிறகு, அந்த விடையை வைத்து நீரின் மொத்த வரவு செலவைத் தனியாகக் கூட்டி, ஒரு பட்டியலாக அச்சடிக்கச் செய்தார்கள். மேலே வரவு: இருப்பில் இருந்து வந்தது, மழை ஊறியது, ஆற்றில் இருந்து கசிந்தது. கீழே செலவு: கிணறுகள், வடிகால், ஆற்றுக்குப் போனது. மொத்த வரவு, மொத்த செலவு, வித்தியாசம், கடைசியில் வித்தியாசம் எத்தனை சதவீதம். பொதுவாக இது 1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். விடை கண்ட வழி வேறு, கூட்டிப் பார்க்கும் வழி வேறு என்பதால் இது ஒரு தனித் தணிக்கை. நிறுத்தும் அளவைச் சும்மா தளர்த்திவிட்டு "ஒருங்கிவிட்டது" என்று காட்டிக்கொள்ளும் ஆட்களை இந்தக் கடைசி வரி பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

எங்கள் அடுக்ககத்தில் ஒரு தமிழ்க் குடும்பம். அவர்கள் மகள் முதுநிலைப் படிப்புக்காக இந்த மென்பொருளோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள். எனக்கு இதில் ஆர்வம் என்று தெரிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியோடு வந்தாள்.

"அங்கிள், வித்தியாசம் பூச்சியம். பக்காவா டேலி ஆகுது. ஆனா தப்புன்னு மட்டும் தெரியுது."

"எப்படிம்மா தெரியும்?"

"பதினஞ்சு வருஷமா இறங்கிக்கிட்டே வர்ற தண்ணி, திடீர்னு இறங்கறதை நிறுத்திடுச்சு. மழையும் கூடலை, பம்பும் குறையலை."

அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் கேட்ட முதல் கேள்வி, "பட்டியல் கோப்பை முழுசாப் படிச்சியா?" என்பதாம். மாட்ஃப்ளோ ஓடி முடிக்கும்போது எழுதிவைக்கும் நீண்ட அறிக்கை அது. லிஸ்ட் ஃபைல் என்பார்கள். இருவருமாக உட்கார்ந்து அதில் கிணறுகள் என்ற வரியை மட்டும் வருடா வருடம் ஒரு தாளில் எழுதினோம். ஒன்பதாவது வருடத்தில் இருந்து அந்த எண் சரியத் தொடங்கியது. அவள் கொடுத்த கிணறுகள் எல்லாம் கோப்பில் இருக்கின்றன, ஆனால் கணக்கில் இல்லை!

காரணம் இதுதான். பழைய மாட்ஃப்ளோவில் ஒரு கட்டத்தின் நீர்மட்டம் அதன் அடித்தளத்துக்குக் கீழே போனால் அந்தக் கட்டம் காய்ந்ததாக எடுத்துக்கொள்ளப்பட்டு, கணக்கில் இருந்தே விலக்கப்படும். அதில் இருக்கும் கிணறும் சேர்ந்து அணைந்துவிடும். கிணறு அணைந்தால் செலவு குறையும். செலவு குறைந்தால் நீர்மட்டம் நிற்கும். வித்தியாசம் பூச்சியம். கடனைக் கட்டாதவரின் பேரைப் பேரேட்டில் இருந்தே கிழித்துவிட்டு, "வாராக்கடன் இல்லை" என்று அறிக்கை கொடுப்பது போல!

உதவி கேட்பதற்கு ஒரு முறை

இந்த அனுபவத்துக்குப் பிறகு, இந்தத் துறை ஆட்கள் எப்படி உதவி கேட்கிறார்கள் என்று கவனித்தேன். "ஓடவில்லை, காப்பாற்றுங்கள்" என்றால் யாராலும் உதவ முடியாது. எந்தப் பதிப்பு, எந்தத் தீர்வுப் பகுதி, எத்தனையாவது காலப்படியில் நின்றது, எந்தக் கட்டத்தில் மாற்றம் அதிகம் என்று சொல்ல வேண்டும். இவை எல்லாவற்றையும் அந்தப் பட்டியல் கோப்பில் இருந்து எடுக்கலாம். அடுத்து, மாதிரியைச் சுருக்க வேண்டும். ஆற்றை எடுத்துவிட்டு ஓட்டிப் பார், கிணறுகளை எடுத்துவிட்டு ஓட்டிப் பார். எதை எடுத்தால் ஓடுகிறதோ அங்கே இருக்கிறது வியாதி. ஸ்டீரியோ செட் உவமை இங்கே கை கொடுக்கிறது. தாளில் 900 ரூபாய் உதைத்தால் முதலில் 9-ஆல் வகுத்துப் பார்த்து, எண் இடம் மாறியிருக்கிறதா என்று தேடுவோமே, அதே புத்திதான்.

அடிக்கடி மாட்டும் இன்னொரு ஆள், அலகு. மாட்ஃப்ளோ அலகை மாற்றித் தராது. மீட்டர் என்றால் எல்லாமே மீட்டர், நாள் என்றால் எல்லாமே நாள். மழையை மில்லிமீட்டரிலும் கிணற்றை நொடிக்கு லிட்டரிலும் கொடுத்தால் முகம் சுளிக்காமல் வாங்கிக் கூட்டிவிடும். ரூபாயையும் டாலரையும் ஒரே பத்தியில் எழுதிக் கூட்டிய கதை. கூட்டல் சரியாகவே இருக்கும்.

வரலாற்றுக்குத் திரும்புவோம். நிரல் திறந்து கிடந்ததால் ஒவ்வொரு தலைவலிக்கும் யாராவது மருந்து கண்டுபிடித்தார்கள். ஒருங்காத கணக்குகளுக்காக மேரி ஹில் 1990-இல் ஒரு புதிய தீர்வுப் பகுதியை எழுதினார். காய்ந்த கட்டம் மறுபடி நனைய வழியில்லாமல் இருந்தது. 1991-இல் அதற்கு ஒரு பகுதி வந்தது. அதுவும் சண்டித்தனம் செய்தது. நனையும், காயும், மறுபடி நனையும், கணக்கு முடியாது. 2011-இல் நியூட்டன் முறையைப் பயன்படுத்தி ஒரு பதிப்பு வந்தது. அதில் கட்டம் காய்ந்தாலும் கணக்கில் இருந்து விலகாது. தண்ணீர் குறையக் குறையக் கிணற்றின் இறைப்பு படிப்படியாகக் குறைக்கப்படும். 2009-இல் மாடல்மியூஸ் என்ற இலவச வரைகலை முகப்பு, பிறகு பைத்தான் மொழியில் இருந்து மாட்ஃப்ளோவை இயக்கும் ஃப்ளோபை, 2017-இல் மறுபடி அடியில் இருந்து எழுதப்பட்ட மாட்ஃப்ளோ 6. இத்தனை மாறியும் அந்த வரவு செலவுப் பட்டியலை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

இருப்பாய்வு காட்டாத பிழைகள்

பிளஸ் டூவில் வணிகவியல் தமிழில் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்: இருப்பாய்வு வெளிக்காட்டாத பிழைகள் என்று ஒரு பாடம். முழு விடுபிழை, ஈடுசெய் பிழை, விதிப்பிழை. பதியவே இல்லை என்றால் இருப்பாய்வு பொருந்தும். இரண்டு பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்தாலும் பொருந்தும். மூலதனச் செலவை வருவாய்ச் செலவாக எழுதினாலும் பொருந்தும். மூன்றும் நிலத்தடி நீரில் நடந்திருக்கின்றன.

மத்திய அரிசோனாவுக்கு ஒரு மின்பலகை மாதிரி செய்து 1968-இல் அறிக்கை வெளியிட்டார்கள். 1923 முதல் 1964 வரை நாற்பது வருடப் பதிவுகளோடு பொருத்தி, அடுத்த பத்து வருடத்தில் நீர்மட்டம் எவ்வளவு இறங்கும் என்று சொன்னார்கள். லெனார்ட் கோனிகோவ் 1986-இல் அதைத் திரும்ப எடுத்து, 77 கிணறுகளில் நிஜமாக என்ன நடந்தது என்று ஒப்பிட்டார். பொருத்தம் மிக மோசம். எதிர்காலத்தில் எவ்வளவு இறைப்பார்கள் என்ற அனுமானம் தவறியது ஒரு காரணம். அதை மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது என்பதும் தெரிந்தது. நாற்பது வருடம் பொருந்திய கணக்கு பத்து வருடத்தில் கைவிட்டது. மண்ணின் கடத்தும் திறனைக் கூட்டி, ஊறும் நீரையும் கூட்டினால் அதே நீர்மட்டம் கிடைத்துவிடும், ஈடுசெய் பிழை! 1992-இல் கோனிகோவும் பிரெடஹோஃப்டும் சேர்ந்து, நிலத்தடி நீர் மாதிரிகளை "மெய்ப்பித்துவிட்டோம்" என்று சொல்லவே முடியாது என்று தலைப்பிலேயே போட்டுக் கட்டுரை எழுதினார்கள். முதன்முதலில் கணினியைக் கொண்டுவந்தவர்களில் ஒருவரான அதே பிரெடஹோஃப்ட்தான்.

விதிப்பிழைக்கு நீதிமன்றம் வரை போன உதாரணம் உண்டு. ரிபப்ளிகன் ஆற்றின் நீரை கொலராடோ, நெப்ராஸ்கா, கான்சாஸ் மூன்று மாநிலங்களும் 1943-இல் ஒப்பந்தம் போட்டுப் பிரித்துக்கொண்டன. நெப்ராஸ்கா கிணறு வெட்டி ஆற்று நீரை உறிஞ்சுகிறது என்று கான்சாஸ் 1998-இல் உச்ச நீதிமன்றம் போனது. 2002-இல் சமரசம். மூன்று மாநிலமும் சேர்ந்து மாட்ஃப்ளோவில் ஒரே மாதிரியைக் கட்டின. (காவிரியை நினைத்துக்கொண்டு பெருமூச்சு விட வேண்டாம்.) பிறகு ஒரு சிக்கல் தெரிந்தது. பக்கத்துப் பிளாட் ஆற்றில் இருந்து கால்வாய் வழியாக வந்து ஊறிய நீரை நெப்ராஸ்கா எடுத்தால், ஒப்பந்தப்படி அது அவர்கள் பங்கில் சேரக்கூடாது. ஆனால் மாதிரியின் விடைகளைக் கழித்துக் கூட்டும் முறையில் அதுவும் அவர்கள் பற்றில் விழுந்துகொண்டிருந்தது. ஓட்டிய மென்பொருளில் பிழை இல்லை. எந்தத் தலைப்பில் எழுதுவது என்பதில் பிழை. 2015 பிப்ரவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தக் கணக்கு முறையைத் திருத்தியது. அதே தீர்ப்பில், ஒப்பந்தத்தை மீறி அதிகம் எடுத்ததற்காக நெப்ராஸ்கா 55 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்றும் சொன்னது.

வைப்பு நிதியை உடைத்தால் அதுவும் வரவுதான்

நம் நாட்டுக்கு வருவோம். கிணற்றுக் கடன் கொடுக்கும் முன் அந்த வட்டாரத்தில் நீர் இருக்கிறதா என்று பார்க்கும் வழக்கத்தில் வங்கிகளுக்கும் பங்கு உண்டு. வேளாண் மறுநிதிக் கழகம் இதைக் கவனித்தது. 1982 ஜூலையில் அது நபார்டு வங்கிக்குள் வந்தது. 1984-இல் நிலத்தடி நீர் மதிப்பீட்டுக் குழு ஒரு வழிமுறை கொடுத்தது. வருடம் ஊறும் நீரில் 65 சதவீதத்துக்குக் கீழே எடுத்தால் வெள்ளை, 85 வரை சாம்பல், அதற்கு மேல் கறுப்பு. அந்தக் கறுப்புதான் டார்க் ஜோன். 1997-இன் வழிமுறை இந்த நிறங்களை விட்டுவிட்டுப் பாதுகாப்பானது, ஓரளவு அபாயம், அபாயம், அதிநுகர்வு என்று மாற்றிவிட்டது. ராஜஸ்தானில் பாதிக்கு மேற்பட்ட வட்டாரங்கள் அதிநுகர்வில் இருக்கின்றன. பேச்சு வழக்கில் மட்டும் டார்க் ஜோன் போகவில்லை.

இந்த வட்டாரக் கணக்கு மாட்ஃப்ளோ அளவுக்கு நுணுக்கமானது இல்லை. ஆனால் இரண்டுக்கும் பொதுவாக ஒரு விஷயத்தை அந்தப் பட்டியல் எனக்குக் கற்றுக்கொடுத்தது. மாட்ஃப்ளோவின் வரவுப் பக்கத்தில் முதல் வரி "இருப்பு". புதிதாகப் பார்க்கிறவர்கள் குழம்பும் இடம் இது. இருப்பு என்ற தலைப்பில் வரவாக ஓர் எண் இருந்தால் நீர் சேருகிறது என்று நினைக்கத் தோன்றும். நேர்மாறு. மண்ணில் பல காலமாகத் தேங்கிய நீர் அங்கிருந்து கழன்று ஓட்டத்துக்குள் வந்தால் அது வரவாக எழுதப்படுகிறது. நீர்மட்டம் இறங்க இறங்க இந்த எண் பெரிதாகும். கணக்கு பூச்சிய வித்தியாசத்தில் அழகாகப் பொருந்தும்.

வைப்பு நிதியை உடைத்து சேமிப்புக் கணக்கில் போட்டால் பாஸ்புக்கில் அது வரவுதான். மாதாமாதம் உடைத்துச் செலவு செய்கிறவரின் பாஸ்புக்கைப் பார்த்தால் வரவும் செலவும் சரியாகவே இருக்கும். அவருக்கு நான் கடன் கொடுப்பேனா? வைப்பு நிதி எவ்வளவு மிச்சம் என்றுதான் முதலில் கேட்பேன்.

நம்மில் பலருக்கு ஊரில் அப்பாவின் கிணறு இருக்கிறது; இங்கே நாம் இருக்கும் அடுக்ககத்துக்கு போர்வெல் இருக்கிறது. புது போர் போடலாமா, நிலத்தை வாங்கலாமா, சங்கத்தில் எல்லோரும் பணம் போடலாமா என்று கேள்வி வரும்போது யாராவது வண்ணப் படங்களோடு ஓர் அறிக்கை நீட்டுவார்கள். இனிமேல் அந்த அறிக்கையில் கடைசிப் பக்கத்துக்குப் போய் வரவு செலவுப் பட்டியலைக் கேளுங்கள். பட்டியல் இல்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம். இருந்தால் மூன்று கேள்விகள். வரவில் மழை எவ்வளவு, இருப்பில் இருந்து உடைத்தது எவ்வளவு? கொடுத்த கிணறுகள் எல்லாம் கடைசி வருடம் வரை கணக்கில் ஓடுகின்றனவா? இதே மாதிரியை வைத்து முன்பு ஏதாவது சொன்னீர்களா, அது பலித்ததா?

இதற்குப் பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை. பிளஸ் டூ வணிகவியல் போதும். அந்தப் பெண்ணுக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. ஆய்வேட்டில் கிணறுகள் அணைந்துபோன கதையை ஓர் அத்தியாயமாகவே எழுதிவிட்டாள். அடுத்த பதிவில் இங்கத்துப் படிக்கிணறுகளைப் பற்றி எழுதலாம் என்று இருக்கிறேன்.